மெசினை இறக்கிவிட்ட தம்பிக்கு, குதிரை பார்க்கும் அக்கா எழுதுவது

குருமன்காடு,
வவுனியா.
திங்கட்கிழமை.

அக்கராயனில் இருக்கும் கூடப்பிறந்த தம்பி ஐயாத்துரை அறிய, அக்கா அன்னப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் சாரங்காவும் மருமகன் விஜிதரனும் பேரப்பிள்ளையும் பிள்ளையார் துணையால் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை. உன் மகன் கோகுலன் வந்து தானாகச் சொன்னதில், உனக்குப் பிரஷர் கூடியிருப்பதும், உன் பெண்சாதி இரஞ்சிதத்துக்கு இழுப்பு விடாமல் இருப்பதும், உங்கள் பசு கன்று போட்டிருப்பதும் எனக்குத் தெரியும். கேட்காமல் தெரிந்ததால் அது விசாரித்தது ஆகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். உன்னோடு கதைப்பதில்லை என்று நான் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. பதினேழு வருசத்தில் மூன்று கலியாணவீடு, நாலு செத்தவீடு, எல்லாவற்றிலும் உன்னை நேருக்கு நேர் கண்டும் நான் வாய் திறக்கவில்லை. கடிதம் எழுதுவது கதைப்பதில் சேராது, இப்போதும் என் வாய் மூடித்தான் இருக்கிறது. எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றது, நீ மேலே படிக்கவேணும், மாட்டை அவள் பார்க்கட்டும் என்று ஐயா சொன்னதால்தான். மேலே படித்த நீ ஏழாம் வகுப்பில் இரண்டு வருசம் இருந்தாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

கோகுலன் போன கிழமை நாலாம் தரமாக வந்தான். வெத்திலைத் தட்டத்தைக் கதிரையில் வைத்துவிட்டுக் கீழே இருந்து சொன்னான், வீடு கட்டி முடிந்து மூன்று மாதமாம், கதவுக்குப் பூட்டும் போட்டாச்சாம், ஆனால் அக்கா வந்து பால் காய்ச்சாமல் அந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று நீ நிற்கிறாயாம். புது வீட்டை முன்னால் வைத்துக்கொண்டு தகரக் கொட்டிலுக்குள் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு இருக்கிறீங்களாம், ஒழுகுகிற சத்தத்துக்கு மேலால் இரஞ்சிதம் இருமுகிற சத்தம் கேட்குதாம். வாற வெள்ளிக்கிழமை விட்டால் சாத்திரி சொன்னபடி உன்ர நட்சத்திரத்துக்குத் தை வரைக்கும் நாள் இல்லையாம். எல்லாம் சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தன், பணியாரம் குடுத்தன், மறுமொழி குடுக்கவில்லை. மூத்த சகோதரி பால் காய்ச்சவேணும் என்கிற வழக்கம் உனக்கு இப்பதான் ஞாபகம் வந்திருக்கு எண்டு மட்டும் மனசுக்குள்ள நினைச்சன்.

மறுமொழியை இந்தக் கடிதத்தில எழுதுறன். ஆனா அதுக்கு முதல் குதிரையைப் பற்றி எழுதவேணும். குதிரை இல்லாமல் அந்த மறுமொழி உனக்கு விளங்காது. விசர் எண்டு நினைக்காமல் பொறுமையா வாசி.

ஆவணி மாதம் மருமகன் மோட்டச்சைக்கிளில போகேக்க நாய் குறுக்க வந்து, நாய்க்கு ஒண்டும் இல்லை, இவருக்குக் கால் முறிஞ்சுது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஏழு கிழமை அசையக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினம். விறாந்தையில கட்டிலைப் போட்டு, கட்டிலில இவரைப் போட்டு, இவரின்ர கையில போனைக் குடுத்திட்டு சாரங்கா வேலைக்குப் போயிடுவாள். பின்னேரம் நான் விளக்கு வைக்கிற நேரம் சீமையில மத்தியானமாம், அந்த நேரம் அங்க குதிரை ஓடுதாம், அது போனில தெரியும். இவருக்கு இது புதுசில்லை. பத்து வருசமா பஜாரடியில ஒரு கடையில போய் நிண்டு ரேஸ் பேப்பரைப் பாத்துப் பாத்துக் காசு கட்டின ஆள்தான். அதனாலதான் சாரங்கா ஒரு சட்டம் போட்டாள். காசு ஒரு சதமும் வைக்கக்கூடாது, எந்தக் குதிரை வெல்லும் எண்டு பென்சிலால கலண்டரில எழுதி வைக்கலாம், பிழைச்சால் அண்டைக்கு எல்லாரின்ர தேத்தண்ணிக் கோப்பையும் கழுவவேணும். இவர் எழும்பேலாத மனுசன். அதனால இவருக்குப் பிழைச்ச நாளெல்லாம் நான்தான் கோப்பை கழுவினன். இதையும் நான் மறக்கேல்லை, இவருக்குக் கால் சுகம் வந்தாப் பிறகு கதைக்கிறதுக்கு வைச்சிருக்கிறன்.

ஒருநாள் தேத்தண்ணியோட போகேக்க போனில குதிரையளை ஒரு வட்டத்தில நடத்திக் காட்டுறாங்கள். ஓடுறதுக்கு முதல் அப்பிடி நடத்திக் காட்டுறதாம், பொம்பிளை பாக்க வந்த இடத்தில பிள்ளையைத் தேத்தண்ணித் தட்டோட நடக்க விடுற மாதிரி. பதினொரு குதிரை. கறுப்பு ஒண்டைக் காட்டி மருமகன் சொல்லுறார் இதுதான் மாமி இண்டைக்கு, பேப்பரில எல்லாரும் இதைத்தான் போட்டிருக்கினம் எண்டு. நான் நிண்டபடியே ஒருக்காப் பாத்தன். இது ஓடாது எண்டன். ஏன் எண்டார். ஓடமுதலே தொடைக்குள்ள வேர்த்து நுரைச்சுப்போச்சு, கண் தரையில இல்லை, சனத்தைப் பாக்குது, இரஞ்சிதத்தின்ர தமக்கை கலியாணவீட்டுக்கு வந்தால் இப்பிடித்தான், சோறு வரமுதலே களைச்சுப்போவா எண்டன். கறுப்பு பதினோராவதா வந்துது. அடுத்த ஓட்டத்தில ஒண்டைக் காட்டினன், அதுவும் கடைசி. இப்பிடி ரெண்டு கிழமை. எந்தக் குதிரை தோக்கும் எண்டு நான் சொன்னது ஒண்டும் பிழைக்கேல்லை. மருமகன் போனை நெஞ்சில வைச்சுக்கொண்டு சொன்னார், மாமி, நான் பத்து வருசமா நல்லதைத் தேடிப் போனனான், நீங்கள் குறையைத் தேடுறியள், உங்கட வழிதான் சரி.

அப்ப இருந்து இப்பிடித்தான் செய்தம். பன்னிரண்டு குதிரை எண்டால் பன்னிரண்டுக்கும் குறை கண்டுபிடிச்சு ஒவ்வொண்டா வெட்டுறது. ஒண்டு பின்னங்காலை உள்ளுக்குப் போட்டு நடக்கும், வெட்டு. ஒண்டுக்கு வயிறு தொங்கும், தின்னக் குடுத்திருக்கினம் ஓட விடேல்லை, வெட்டு. ஒண்டு காதைப் பின்னால மடிச்சுக்கொண்டு நிக்கும், பிடிவாதம், வெட்டு. குறை காணேலாமல் எது மிஞ்சுதோ அதைக் கலண்டரில எழுதுறது. உனக்குத் தெரியும், குறை காணுறதில எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோப்பை கழுவுறது குறைஞ்சுபோச்சு.

பேப்பர் இங்கிலீசு. மருமகன் வாசிச்சுச் சொல்லுவார், நான் கேட்டு வைச்சுக்கொள்ளுவன். எழுதிறதில்லை, எனக்கு எழுதத் தேவையும் இல்லை. எந்தக் குதிரை எந்த நாள் எத்தினை பர்லாங் ஓடினது, எத்தினையாவதா வந்தது, ஆர் ஏறினவன், தரை இறுக்கமோ பதமோ சேறோ, எல்லாம் தலைக்குள்ள நிக்கும். ஆனா இங்கிலீசுப் பேர் நிக்காது. ஒரு முழம் நீளத்துக்குப் பேர் வைச்சிருக்கிறாங்கள். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். சொந்தக்காரரின்ர பேரை வைச்சன். ஓடமுதல் குதிரையளை அடைச்சு வைக்கிற பெட்டி திறந்த உடன பறந்து போய் அரைவாசித் தூரத்தில மூச்சு வாங்கி நிக்கிற குதிரைக்கு எங்கட சின்னையா. அவர் தொடங்கின கடையள் எத்தினை, முடிச்சது எத்தினை எண்டு உனக்குத் தெரியும். எல்லாருக்கும் பின்னால ஒண்டும் அறியாத மாதிரி வந்து, கடைசி நேரத்தில மூக்கை நீட்டுற பெண் குதிரைக்குப் பெரியம்மாவின்ர அழகம்மா. இப்பிடி முப்பது நாப்பது குதிரை, முப்பது நாப்பது சொந்தம். பேரைச் சொன்னால் குணம் ஞாபகம் வந்திடும், குணம் ஞாபகம் வந்தால் ஓட்டம் ஞாபகம் வந்திடும்.

அவங்கட நியாயம் சிலது எனக்கு முதல் விளங்கேல்லை. எல்லாக் குதிரைக்கும் தை முதலாம் திகதிதானாம் பிறந்தநாள், மாசியில பிறந்தால் என்ன வைகாசியில பிறந்தால் என்ன, கணக்குக்குத் தை ஒண்டு. இது என்ன அநியாயம் எண்டு கேட்டன். கேட்டுப்போட்டு என்ர அடையாள அட்டையை எடுத்துப் பாத்தன். சண்டையில பத்திரமெல்லாம் துலைச்சு முகாமுக்கு வந்த கிழடுகள் எங்கட வரிசையில பதினாறு பேர், பதினாறு பேருக்கும் பதிஞ்சவர் தை முதலாம் திகதிதான் போட்டவர். அதுக்குப் பிறகு குதிரையோட எனக்குக் கொஞ்சம் ஒட்டு வந்திட்டுது. இன்னொண்டு, பாரம். முந்தி நல்லா ஓடின குதிரைக்கு அடுத்தமுறை சேணத்துக்குள்ள ஈயத்தகடு வைச்சுப் பாரம் கூட்டுவினமாம், தோத்துத் தோத்து வந்ததுக்கு இறாத்தல் இறாத்தலாக் குறைப்பினமாம், அப்பதான் எல்லாம் ஒண்டா வந்து சேருமாம். நல்லா ஓடினதுக்குத் தண்டனையோ எண்டு நான் கேட்க, மருமகன் சிரிச்சுப்போட்டு, மாமி வீட்டில மூத்தபிள்ளைக்கு நடக்கிறதுதானே எண்டார். அண்டைக்கு அவருக்கு ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுத்தன்.

இனித்தான் உன்ர கதை வருகுது. புரட்டாதியில ஒருநாள் ஒரு குதிரை நடந்து வந்துது. மண்ணிறம், இடது பின்னங்காலில வெள்ளை. நான் எவ்வளவு பாத்தும் குறை பிடிக்கேலாமல் கிடந்துது. நெஞ்சு அகலம், கண் அமைதி, அடி வைக்கிறது அளந்து வைக்கிற மாதிரி. மருமகன் எழுதட்டோ எண்டு கேக்க நானே பென்சிலை வாங்கிக் கோடு போட்டன். ஒம்பது குதிரையில எட்டாவதா வந்துது. நம்பி ஏமாந்த கோபத்தில, கோப்பை கழுவேக்க ரெண்டு கோப்பைக்குக் காது உடைஞ்சுது. அந்தக் குதிரைக்கு ஐயாத்துரை எண்டு பேர் வைச்சன். இதுக்குப் பிறகு அதின்ர முகத்தில முழிக்கிறேல்லை எண்டும் சொன்னன். அது பிறகு ரெண்டு தரம் ஓடினது, ரெண்டு தரமும் பேப்பரில அதின்ர பேருக்குப் பக்கத்தில முட்டை, ஒம்பதுக்குள்ளேயும் வரேல்லை எண்டால் முட்டைதான் போடுவினமாம். நான் அதை நடத்திக் காட்டேக்க குசினிக்குள்ள போயிடுவன், ஆனா அங்க நிண்டபடி எட்டிப் பாத்தனான், அதை மறைக்கேலாது.

போன புதன்கிழமை, கோகுலன் வந்து போன மறுநாள். அண்டைக்குப் பன்னிரண்டு குதிரை. ஒவ்வொண்டா வெட்டி வெட்டி வந்தன். சின்னையா முதல் வெட்டு, அழகம்மா ரெண்டாவது, அவளுக்குத் தூரம் போதாது. பதினொண்டையும் வெட்டிப்போட்டன், கலண்டரில எழுதுறதுக்கு ஒண்டும் இல்லை. மருமகன் சொன்னார், ஐயாத்துரையை மட்டும் நீங்கள் பாக்கேல்லை மாமி. அதின்ர கதையை எடுக்கவேண்டாம் எண்டன். காலைக் கட்டிப் போட்ட மனுசனுக்கு வாயைக் கட்டேலாது, அவர் பேப்பரை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் ஓட்டம், நல்ல மழை, தரை சேறு, எல்லாத்திலும் கூடின பாரம் இதுக்குத்தான். ரெண்டாவது, வேலிக்கரையில அடைபட்டு முன்னால விலக இடமில்லை. மூண்டாவது, திரும்பவும் சேறு. இண்டைக்கு ஓடுற இடம் மணல் போட்ட தரை, மழை பெய்தாலும் சேறாகாது, பாரமும் பதினொரு இறாத்தல் குறைச்சிருக்கினம்.

நான் சொன்னன், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும்தான். முதல் ஓட்டத்தில சேறு தெறிச்சு ஏறினவன்ர தொப்பி நிறம் மாறினது, ரெண்டாவதில அவன் ரெண்டு தரம் எழும்பி நிண்டு கடிவாளத்தை இழுத்தது, எல்லாம் எனக்குக் கண்ணில நிக்குது.

மருமகன் பேப்பரை மடிச்சு வைச்சுப்போட்டுச் சொன்னார், "மாமி, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எட்டாவது எண்டதை மட்டும்தான் கணக்கில எடுக்கிறியள்."

நான் அந்தப் பேரை எழுத விடேல்லை. பென்சிலைப் பறிச்சு வைச்சிருந்தன். பெட்டி திறந்துது, ஐயாத்துரை நடுவில நிண்டுது, வளைவு திரும்பேக்க வெளிப்பக்கத்தால வந்துது, பிறகு அதுக்கு முன்னால குதிரை இல்லை. மருமகன் மாவுக்கட்டோட கட்டிலில துள்ளி, ஐயாத்துரை, ஐயாத்துரை எண்டு கத்தின சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கு. இந்த வீட்டில பதினேழு வருசமா ஆரும் சத்தமாச் சொல்லாத பேர். முல்லைத்தீவில இருந்து வந்து பக்கத்து வளவில இருக்கிற பாத்தும்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்து மதிலடியில நிண்டு, தம்பிக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா. அவாக்கு உன்ர கதை முழுக்கத் தெரியும், நான் சொல்லித்தான். இவர் கண் கலங்க, வெண்டிட்டார் எண்டு சொல்லுறார். அவா எதில எண்டு கேக்க, ஓட்டத்தில, நாலு குதிரை நீளத்தால எண்டார். பாத்தும்மா என்னைப் பாத்துச் சொன்னா, "அன்னமக்கா, பிரஷர் உள்ள மனுசனை இந்த வயசில ஏன் ஓட விட்டனீங்கள்?" நான் அவாக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டு, இடையில நிப்பாட்டிப்போட்டன். அவா கேட்டது எனக்கு வேற இடத்தில போய்க் குத்தினது.

அடுத்தநாள் காலமை முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தன். அந்த நேரத்தில உன்ர ஓட்டத்தை எடுத்துப் பாத்தன். நான் எல்லாருக்கும் சொல்லிவாற கதை இதுதான். 2008, ஐப்பசி மழை. அக்கராயனில இருந்து எல்லாரும் வெளிக்கிட்டம். உன்ர ரெண்டு சில்லு லான்மாஸ்டர் ட்ராக்டரின்ர பெட்டிக்குள்ள இரஞ்சிதத்தின்ர தாயின்ர முதிரை மரத்து அலுமாரி, ரெண்டு மூட்டை நெல்லு, கோழிக்கூடு, என்ர தையல் மெசின். நான் பின்னால சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தன். மதகடியில சில்லு சேத்துக்குள்ள இறங்கிப்போச்சு. பாரத்தைக் குறைக்கவேணும் எண்டு நீ ஏறி, என்ர மெசினைத் தூக்கி மதகில இறக்கி வைச்சாய். ஊருக்குச் சட்டை தைச்சு சாரங்காவைப் படிப்பிச்ச மெசின். அலுமாரியில நீ கை வைக்கேல்லை. மாமியாரின்ர அலுமாரி ஏறிப்போகுது, அக்காவின்ர மெசின் மழையில நிக்குது. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு தர்மபுரம் வரைக்கும் நடந்தன். இதுதான் நீ எட்டாவதா வந்த கதை.

கதை சரி. ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனா பெட்டிக்குள்ள இருந்ததைச் சொல்லேக்க ஒண்டை நான் எப்பவும் விட்டுவிட்டுத்தான் சொல்லுறனான். சாரங்காவின்ர அப்பா. சீனி வருத்தத்தில காலில புண் வைச்சு நடக்கேலாமல் கிடந்த மனுசனை, நீதான் தோளில தூக்கிக் கொண்டுவந்து நெல்லு மூட்டைக்கு மேல படுக்க வைச்சனீ. அலுமாரியை நீ படுக்கப் போடேல்லை. தெற்குப் பக்கமா, பெட்டியின்ர கரை நீளத்துக்கு நிமித்தி வைச்சுக் கயிறு போட்டுக் கட்டினனீ. அவர் அதுக்குப் பின்னால கிடந்தார். தெற்கில இருந்து என்ன வந்துகொண்டு இருந்தது எண்டு உனக்கு நான் எழுதத் தேவையில்லை. மெசினை நிமித்தி வைச்சால் அது ஒரு ஆளின்ர முழங்கால் உயரம். தர்மபுரத்தில அலுமாரியை இறக்கேக்க அதின்ர பின்பலகையில செல் துண்டு ஏறின அஞ்சு ஓட்டை கிடந்துது. நான் எண்ணினனான். எண்ணிப்போட்டு என்ன சொன்னனான் தெரியுமோ, ஓட்டை அலுமாரிக்காக என்ர மெசினை விட்டுப்போட்டு வந்தவன் எண்டு கிணத்தடியில நிண்ட அத்தினை பேருக்கும் சொன்னனான். நீ அங்கதான் வாளியோட நிண்டனீ.

சாரங்காவின்ர அப்பா அதுக்குப் பிறகு ஒம்பது வருசம் இருந்தவர். அவர் போனது படுக்கையில, பேரப்பிள்ளை பிறந்து அதின்ர கையைப் பிடிச்சுப் பாத்த பிறகு. இது எனக்கு மறந்துபோன விசயம் இல்லை தம்பி. அலுமாரி எந்தப் பக்கம் நிண்டது, கயிறு என்ன நிறம், எத்தினை முடிச்சு, எல்லாம் இப்பவும் சொல்லுவன். பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கேல்லை, அவ்வளவுதான். ஆனா உன்னிலும் எனக்குக் கோபம். குதிரைக்கு வாய் இல்லை, அதுக்காகப் பேப்பர்காரன் ரெண்டு வரி எழுதி வைக்கிறான், சேறு, பாரம், அடைபட்டது எண்டு. உனக்கு வாய் இருந்தது. பதினேழு வருசத்தில ஒருநாள் வந்து, அக்கா அது இதுக்காகத்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சுபோயிருக்கும். நான் கதைக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான், காதைப் பொத்துவன் எண்டு சொல்லேல்லை.

இதை வைச்சு உன்ர பேரில கிடக்கிற எல்லாத்தையும் நான் அழிச்சுப்போட்டன் எண்டு நினைச்சிடாதே. அந்த ஒரு முட்டையை மட்டும் வெட்டியிருக்கிறன். கோகுலன்ர கலியாணத்தில என்னை ரெண்டாம் பந்தியில இருத்தினது அப்பிடியே இருக்கு. அதுக்குச் சேறும் இல்லை, பாரமும் இல்லை, நல்ல வெயில், தரை இறுக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில என்ர சிலேட்டை உடைச்சுப்போட்டு ஆடு மிதிச்சது எண்டு ஐயாவுக்குச் சொன்னது இருக்கு. அண்டைக்கு அந்தப் பக்கம் ஆடு வரேல்லை. அம்மா சாகக் கிடக்கேக்க அவாவுக்கு நான் காய்ச்சின கஞ்சியை நீ வாங்கிக் கொண்டுபோய், இரஞ்சிதம் காய்ச்சினது எண்டு பருக்கினதும் இருக்கு. அதைப்பற்றி நேரம் வரேக்க பாப்பம்.

இப்ப மறுமொழி. அம்மன் கோவில் பொங்கலண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால, உன்ர வாசல்படி மிதிக்கிறேல்லை எண்டு சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான், அதனால நான் வரேலாது. ஆனா நீ எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கிறதை இண்டையோட விடு. மூத்தவள் நான் சொல்லுறன், அழகம்மாவைக் கொண்டு பால் காய்ச்சு. அவள் எனக்கு மூண்டு மாதம்தான் இளமை, முறைக்குக் குறைவில்லை. அவளை அடுப்படியில தனிய விட்டிடாதே, அவளுக்கு அவசரம், பொங்கமுதல் மூடியை எடுத்து எடுத்துப் பாப்பாள். பால் உங்கட பசுவின்ரதா இருக்கட்டும், பைப்பால் வேண்டாம். கிழக்குப் பக்கமா வழியவேணும். வழியுதில்லை எண்டால் அந்தப் பக்கம் அடுப்புக் கல்லைக் கொஞ்சம் தாழ்த்தி வைச்சால் வழியும், ஐயர் பாக்காத நேரம் பாத்துச் செய். முதல் இரஞ்சிதத்தை உள்ளுக்குக் கொண்டுபோய் காத்துப் படாத அறையில படுக்க விடு. வீட்டுக்காரி உள்ளுக்குப் போறதுக்கு நாள் பாத்துக்கொண்டு ஈரத்துக்குள்ள கிடக்கிறது என்ன நியாயம். அவளில எனக்குக் கோபம் இருக்கு, ஆனா அவளின்ர இழுப்பில இல்லை.

உன்ர வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும். கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உன்ர பிரஷர் இறங்கட்டும், உன்ர பசுவுக்குப் பால் ஏறட்டும். கோகுலன்ர பெண்சாதிக்கும் பிள்ளையளுக்கும் என்ர ஆசீர்வாதம். இரஞ்சிதத்துக்கு, கற்பூரவள்ளி இலையை வதக்கிப் பிழிஞ்சு தேனோட குடுக்கச் சொல்லி நான் சொன்னதாச் சொல்லவேண்டாம், ஆரோ சொன்னதாச் சொல்லு.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுசாக மன்னிக்காத,
கூடப்பிறந்த அக்கா
அன்னப்பிள்ளை.

பின்குறிப்பு: இண்டைக்கு வியாழக்கிழமை. இதைக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில இருந்து எழுதுறன், அக்கராயன் பஸ் இன்னும் வரேல்லை. செவ்வாய்க்கிழமை தபால் கந்தோருக்குக் கொண்டுபோக, எப்பிடியும் வாற கிழமைதான் போய்ச் சேரும் எண்டு அங்க இருந்த பிள்ளை சொல்லிப்போட்டுது. அதுக்குள்ள வெள்ளி போயிடும், நீ பேயன் மாதிரி கொட்டிலுக்குள்ளதான் இருப்பாய். ஆனபடியால் கடிதத்தை நானே கொண்டுவாறன். உன்ர கையில தந்துபோட்டு நான் கேற்றடியில நிப்பன். கடைசித் தாளை மேல வைச்சு மடிச்சிருக்கிறன், இதை மட்டும் வாசி. மற்றதெல்லாம் வாசிக்க அரை மணித்தியாலம் செல்லும், என்ர முழங்கால் அவ்வளவு நேரம் தாங்காது. அழகம்மாவைப் பற்றி மேல எழுதினதை வெட்டிவிடு, அவளை அடுப்படிக்கு விடாதே. புதுப் பானை வாங்கிவிடாதே, நான் வவுனியாவில வாங்கிப்போட்டன், மடியிலதான் இருக்கு. நீ என்னோட கதைக்கத் தேவையில்லை, கேற்றைத் திற.